ரசீது இல்லாத திருவிழாச் செலவு

கடந்த ஆண்டு ஆடித் திருவிழாவின் வரவு செலவுக் கணக்கை ஆலய மண்டபத்தில் வாசித்து முடித்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். வரவு 48,915 வெள்ளி (ரிங்கிட்), செலவு 47,050 வெள்ளி, கையிருப்பு 1,865 வெள்ளி. பொருளாளராக நான் வாசித்த ஒன்பதாவது கணக்கு அது. கூட்டம் கலைந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “கோயிலுக்கு மிச்சம் வந்திருச்சு, சந்தோஷம். எங்க வீட்டுக் கணக்கை எங்க போய் வாசிக்கிறது, பாப்பா?” என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் ஆலயம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் நகரத்திலிருந்து ஆறாங்கட்டையில், அதாவது ஆறாவது மைலில், இருக்கிறது. ரப்பர் தோட்டமாக இருந்த இடம் செம்பனைத் தோட்டமாகி, அதிலும் ஒரு பகுதி விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் இன்று வசிப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம்முடைய குடும்பங்கள் நகரத்துத் தாமான்களுக்கும் (வீடமைப்புப் பகுதிகளுக்கும்) ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் போய்விட்டன. ஆனாலும் ஆலயப் பதிவேட்டில் 140 குடும்பங்களின் பெயர்கள் இருக்கின்றன. ஆடி மாதம் வந்தால் அவர்களில் பாதிப் பேராவது குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மாரியம்மனிடம் வந்து நிற்கிறார்கள். வருடத்தில், பத்து நாள் திருவிழாவின் மூன்று நாள்களுக்கு மட்டும் அந்த இடம் மறுபடியும் தோட்டமாகிறது. அந்த மூன்று நாள்களை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கீழே எழுதப்போகும் எதையும் திருவிழா வேண்டாம் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்பா காலத்தில் கணக்கு வேறு மாதிரி இருந்தது. சம்பளச் சீட்டிலேயே கோயிலுக்கென்று ஒரு பிடித்தம் இருக்கும். திருவிழா மாதத்தில் ஒவ்வொருவரும் ஒரு நாள் சம்பளத்தைக் கொடுப்பார்கள். தோட்ட நிர்வாகியான துரை தன் பங்குக்கு ஒரு தொகை தருவார். சாமி ஊர்வலத்துக்குத் தோட்டத்து லோரி வரும், விளக்குகளுக்கு இஞ்சின் வீட்டிலிருந்து மின்சாரம் வரும், பந்தல் போடுவதற்கு மூங்கிலும் ஆள்களும் தோட்டத்து எழுத்தரான கிராணியின் அனுமதியோடு கிடைத்துவிடும். இவற்றில் எதற்கும் ஆலயக் கணக்கில் செலவு எழுதியதில்லை. இன்று அந்த லோரி, அந்த மின்சாரம், அந்தப் பந்தல் ஒவ்வொன்றுக்கும் நாங்கள் வாடகை கொடுக்கிறோம். சென்ற ஆண்டு ரதம், விளக்கு அலங்காரம், ஜெனரேட்டர் ஆகியவற்றுக்கு மட்டும் 9,200 வெள்ளி ஆனது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியபோது, ஜெனரேட்டர்காரர் அடுத்த மாதத் திருவிழாவுக்குக் கொடுத்திருந்த விலையை மாற்றித் தர வேண்டும் என்று கேட்டார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. முன்பு தோட்ட நிர்வாகம் சுமந்த பாரம் இப்படித்தான் மெல்ல மெல்லக் குடும்ப வரியின் மேல் வந்து உட்கார்ந்தது.

குடும்ப வரி 120 வெள்ளி. சென்ற ஆண்டு 112 குடும்பங்கள் கட்டின, 13,440 வெள்ளி சேர்ந்தது. பத்து நாள் உபயத்துக்கு நாளொன்றுக்கு 1,200 வெள்ளி. உண்டியல், அர்ச்சனைச் சீட்டு, பால்குடச் சீட்டு, அழைப்பிதழில் வாழ்த்து போடும் கடைக்காரர்களின் நன்கொடை ஆகியவை மீதி. உண்டியல் எண்ணுவது ஒரு முழு நாள் வேலை. மஞ்சளும் குங்குமமும் பாலும் சேர்ந்து நாணயங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை வாளியில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, துணியில் பரப்பிக் காயவைத்து, இருபது சென், ஐம்பது சென் என்று பிரித்துக் கட்டுவோம். சில நோட்டுகள் நான்காக எட்டாக மடிக்கப்பட்டுக் கட்டைவிரல் நகமளவுக்குச் சுருங்கியிருக்கும். பிரித்தால் ஒரு வெள்ளியாகவும் இருக்கும், ஐம்பது வெள்ளியாகவும் இருக்கும். எந்த வேண்டுதலுக்காக எந்த வீட்டிலிருந்து வந்தது என்று தெரியாத அந்தப் பணத்தை எண்ணும்போதெல்லாம், செலவு செய்வதில் கவனம் வேண்டும் என்ற அச்சம் எனக்கு வரும்.

திருவிழாக் கடைகள் தனிக் கதை. 26 கடைகள், மூன்று இரவுக்குக் கடையொன்றுக்கு 150 வெள்ளி, ஆக 3,900 வெள்ளி வரவு. வளையல் கடை, பலூன் கடை, முறுக்கு, கரும்புச்சாறு, புந்தோங்கிலிருந்து வரும் கச்சாங் பூத்தே (கடலை, பருப்புத் தின்பண்டங்கள்) கடை என்று திடலின் ஓரம் முழுக்க வெளிச்சமாக இருக்கும். ஈப்போவின் புந்தோங்கில் கச்சாங் பூத்தே கம்பம் (கிராமம்) என்றே ஓர் இடம் இருப்பதும், அங்கே பல குடும்பங்கள் தலைமுறையாக இந்தத் தொழிலைச் செய்துவருவதும் பேராக் மாநிலத்தவர்களுக்குத் தெரிந்ததுதான். சில ஆண்டுகளுக்கு முன் ரத ஊர்வல இரவில் மாலை ஆறு மணிக்குத் தொடங்கிய மழை பதினொரு மணி வரை நிற்கவில்லை. கடலை மூட்டைகளின் மேல் கித்தானை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மாவும் அவருடைய மகனும் ஐந்து மணி நேரம் நின்றார்கள். மறுநாள் காலை மீதி வாடகையைக் கேட்கப் போன எங்கள் ஆளிடம், “இருக்கிறதைக் கொடுக்கிறேன் தம்பி, மிச்சத்தை அடுத்த வருஷம் சேர்த்துக் குடுத்திடுறேன்” என்று சொல்லி இருபது வெள்ளி நோட்டு ஒன்றை நீட்டினாராம். வாடகை வாடகைதான் என்று சிலர் வாதாடினார்கள். அன்றிரவு திடலில் யாருமே இல்லை, அவரிடம் யார் வாங்கியிருப்பார்கள் என்று நான் கேட்டேன். அன்று முதல், மழையால் வியாபாரம் கெட்ட இரவுக்கு வாடகை இல்லை என்று தீர்மானம் எழுதிவைத்திருக்கிறோம். பொருளாளர் வரவைக் குறைக்கும் தீர்மானம் கொண்டுவந்ததைச் சிலர் இன்றும் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ரசீதோடு கூடிய கணக்கு. 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற ஆலயம் என்பதால், ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாள்களுக்குள் இந்தக் கணக்கு சங்கப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். தணிக்கையாளர்கள் இருவர் கையொப்பமிட வேண்டும். ஒரு வெள்ளி இடித்தாலும் கேட்பதற்கு ஆள் உண்டு. பெரியம்மா கேட்ட கணக்குக்குத்தான் தணிக்கையாளரும் இல்லை, கூட்டமும் இல்லை.

அதனால் முதலில் என் வீட்டுக் கணக்கை எழுதினேன். நாங்கள் ஐந்து பேர். குடும்ப வரி 120 வெள்ளி. பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் ஐந்தாம் நாள் உபயத்தில், அன்னதானச் செலவையும் சேர்த்து எங்கள் பங்கு 250. விரதம் இருந்த நால்வருக்கு மஞ்சள் சேலையும் வேட்டியும் சிறுவர் உடையும் 285. கிள்ளானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் வந்து மூன்று நாள் தங்கிய பதினொரு உறவினர்களுக்குச் சாப்பாடு 480. என் தங்கை மகனின் காவடிக்கு நாங்கள் ஏற்றுக்கொண்ட பங்கு 200. மாலை, அர்ச்சனை, பால் 90. பிள்ளைகள் கடைத்தெருவில் செலவழித்தது 100. லோரி ஓட்டும் என் கணவர் சம்பளமில்லாமல் எடுத்த இரண்டு நாள் விடுப்பு 160. மொத்தம் 1,685 வெள்ளி. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. கடைசி எண்ணை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அத்தனை ஆண்டுகளும் ஒவ்வொரு பொருளையும் நானே வாங்கியிருக்கிறேன், ஆனால் ஒருநாளும் கூட்டிப் பார்த்ததில்லை.

வரி கட்டிய 112 குடும்பங்களும் எங்கள் வீட்டுச் செலவில் பாதியையாவது செய்திருந்தால்கூட, அது 94,000 வெள்ளியைத் தாண்டும். அதாவது நான் மேடையில் வாசித்த செலவைப் போல் இரண்டு மடங்கு. திருவிழா நடத்துவது ஆலய நிர்வாகம்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அதன் பெரும் பகுதியை நடத்துவது சமையலறைகள்தான்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் என்னை அதிகம் வருத்தும் கேள்வி. அப்பாவின் 555 நோட்டுகள் சிலவற்றை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சின்ன நோட்டை மலேசியாவில் கடன் எழுதிய எல்லா வீட்டுக்கும் தெரியும். ஒரு பக்கத்தில் பென்சிலால் “ஆடி – கடை 64, துணி 38, காப்பு வைத்தது 180” என்று எழுதியிருக்கிறார். காப்பு என்பது அம்மாவின் ஜோடித் தங்கக் காப்பு. ஆடியில் அடகுக் கடைக்குப் போகும், தீபாவளிக்கு முன் வீட்டுக்கு வரும். வருடந்தோறும் அதுதான் அதன் பயணம். மழையால் ரப்பர் மரத்தில் பால் வெட்டு நின்றுபோன ஓர் ஆண்டில் மட்டும் ஒரு காப்புதான் திரும்பி வந்தது. அதன் பிறகு அம்மா இறக்கும்வரை வலது கையில் ஒற்றைக் காப்போடுதான் இருந்தார். இடது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு அப்போது வந்தது. கல்யாண வீட்டுப் படங்களில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

இன்றும் அடகுக் கடையில் மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு வட்டி, மீட்க ஆறு மாதத் தவணை. ஆயிரம் வெள்ளிக்கு வைத்தால் ஆறு மாதத்தில் 120 வெள்ளி வட்டியாகவே போய்விடும். அது அப்படியே ஒரு வருடக் குடும்ப வரி. தங்கம் விலை ஏறியிருப்பதால் அதே நகைக்கு இப்போது அதிகப் பணம் தருகிறார்கள், அதனால் தேவைக்கு மேல் வாங்கிவிடும் ஆபத்தும் கூடியிருக்கிறது. உரிமம் பெற்ற வட்டிக்கடையில் பிணையில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு என்பது சட்டம் வைத்த உச்சம். உரிமமில்லாமல் வட்டிக்கு விடும் ஆலோங்கிடம் போனவர்களுக்குச் சட்டமும் இல்லை, உச்சமும் இல்லை. இளைஞர்கள் இன்னொரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 2024 மே 11 முதல் ஊழியர் சேமநிதியில் மூன்றாவது கணக்கு ஒன்று வந்திருக்கிறது. மாதச் சந்தாவில் பத்து விழுக்காடு அதில் சேரும், 50 வெள்ளியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் கைப்பேசியிலேயே எடுத்துக்கொள்ளலாம். காவடி அலங்காரத்துக்கு அதிலிருந்து 400 வெள்ளி எடுத்ததாக ஒரு தம்பி என்னிடம் பெருமையாகச் சொன்னான். கடன் வாங்கவில்லையே அக்கா என்றான். அவன் சொன்னதும் சரிதான். ஆனால் அவனுக்கு அறுபது வயதாகும்போது அந்த 400 வெள்ளி என்னவாக வளர்ந்திருக்கும் என்று அவனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது.

செலவு ஏறுவதற்கு விலைவாசி மட்டும் காரணமில்லை. உபயத்தில் போட்டி வந்துவிட்டது. முதல் நாள் உபயக்காரர் சாம்பார் சாதமும் பாயசமும் கொடுத்தால், மூன்றாம் நாள்காரர் சைவப் பிரியாணி கொடுக்கிறார், ஆறாம் நாளில் பைகளில் அன்பளிப்பு வருகிறது. வசதியுள்ளவர் மனம் குளிரச் செய்வதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் பன்னிரண்டு குடும்பங்கள் கூட்டாகச் செய்யும் உபயத்தில் இரண்டு பேர் முடிவெடுத்து, பத்துப் பேர் தலையசைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கணக்குப் பார்க்கிறார்கள். சாமி காரியத்தில் காசைப் பேசக் கூடாது என்பது நம்மிடையே ஊறிய எண்ணம். அந்த எண்ணத்தின் மரியாதையை நான் அறிவேன். ஆனால் பேசாமலிருப்பதால் பாதிக்கப்படுவது எப்போதும் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்காருகிறவர்களே.

சுங்கை சிப்புட்டில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை என்றுதான் நினைக்கிறேன். இதே மண்ணில் பிறந்து, அன்று அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்ட காலத்தில், 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பால்மரம் வெட்டியவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார். அப்பாவின் நோட்டில் கோயிலுக்கு எழுதிய வரிக்கு அடுத்த வரியில் “சங்கம் 10” என்று இருக்கிறது. ஒரே நாளில் பெரிய தொகையைக் கேட்டால் தொழிலாளியால் கொடுக்க முடியாது, மாதாமாதம் கேட்டால் கொடுத்துவிடுவார் என்பதை அந்தத் தலைமுறை அறிந்திருந்தது. சம்பளப் பிடித்தம் போனபோது நாம் இழந்தது துரையின் நன்கொடையை மட்டுமல்ல. சிறுகச் சிறுகக் கட்டும் வசதியையும் சேர்த்துத்தான் இழந்தோம்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டுபோய் நிர்வாகக் கூட்டத்தில் வைத்தேன். மூன்று காரியங்களைக் கேட்டேன். குடும்ப வரியை மாதம் பத்து வெள்ளியாகவும் கட்டலாம், ஒவ்வொரு முறையும் ரசீது உண்டு. ரத ஊர்வல நாள் தவிர மற்ற நாள்களின் உபயச் சாப்பாட்டுக்கு ஆலயமே ஒரு பொதுப் பட்டியலைப் போட வேண்டும், அதற்கு மேல் செய்ய விரும்புபவர் அந்தத் தொகையைப் பிள்ளைகளின் தேவார வகுப்புக்குக் கொடுக்கலாம். மூன்றாவதாக, ஒலிபெருக்கி வாடகையை மூன்று இரவிலிருந்து இரண்டு இரவாகக் குறைத்து, மிச்சமாகும் ஆயிரம் வெள்ளியைக் கொண்டு, வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு மண்டபத்திலேயே காலை இட்லி போட வேண்டும். உறவினர் சாப்பாட்டுச் செலவில்தான் வீடுகள் அதிகம் தடுமாறுகின்றன என்பது என் கணக்கிலேயே தெரிந்தது.

வீட்டுச் செலவுக்கான சேமிப்பையும் ஆலயமே வாங்கி வைத்துக்கொள்ளலாமே என்று ஓர் அண்ணன் நல்லெண்ணத்தோடு சொன்னார். அதற்கு மட்டும் நான் உறுதியாக மறுத்துவிட்டேன். ஆலயத்துக்குச் சேர வேண்டிய வரி ஆலயக் கணக்கில் வரட்டும். குடும்பத்தின் பணம் குடும்பத்தின் பெயரில், குடும்பத்தின் வங்கிப் புத்தகத்தில்தான் இருக்க வேண்டும். இரண்டும் கலந்தால், என்றைக்காவது ஒரு நாள் ஜெனரேட்டருக்கு அவசரமாகப் பணம் தேவைப்படும்போது, யாரோ ஒருவருடைய சேலைப் பணம் அதற்குப் போய்விடும். நல்லவர்கள் நிர்வாகத்தில் இருக்கும்போதுதான் இப்படிப்பட்ட விதிகளை எழுதிவைக்க முடியும்.

முதல் இரண்டும் நிறைவேறின. ஒலிபெருக்கி விஷயம் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. இளைஞர் பிரிவு மூன்று இரவும் வேண்டும் என்கிறது, ஊர்வலத்துக்கு முந்தின இரவு உறுமி மேளத்துக்கு ஒலிபெருக்கி இல்லாவிட்டால் கூட்டம் வராது என்கிறது. அவர்களில் இருவரை என் வீட்டுக்குக் கூப்பிட்டு, என் கணக்கையும் அப்பாவின் நோட்டையும் காட்டினேன். ஒருவன் அந்தப் பென்சில் எழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் பாட்டியிடமும் இப்படி நோட்டு இருக்கும், கேட்டுப் பார்க்கிறேன் என்றான். மாசி மாதக் கூட்டத்தில் மறுபடியும் பேசுவோம்.

தை பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மாத வரிக்கான புதிய ரசீதுப் புத்தகத்தைத் திறந்தேன். பெரியம்மாதான் முதலில் வந்தார். பத்து வெள்ளியை மேசையில் வைத்துவிட்டு, ரசீதை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பெயரைப் படித்துப் பார்த்து, இரண்டாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, போன ஆடியில் வைத்த மோதிரத்தைப் பொங்கலுக்கு முன்தினம் மீட்டுவிட்டதாகவும், தவணை முடிய இன்னும் நான்கு நாள்தான் இருந்ததாகவும் சொன்னார். எவ்வளவு வட்டி கட்டினீர்கள் என்று கேட்டேன். “அறுபது வெள்ளி” என்றார். அதையும் என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.